அம்மாவின் மூடிய கை

யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எங்கும் கிளம்பாத என் அப்பாவுக்கு,

ஒவ்வோர் ஆண்டும் உங்கள் நினைவு நாளில் நாளிதழுக்கு ஒரு படமும் நான்கு வரிகளும் கொடுப்போம். இந்த முறை வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார். அந்த நான்கு வரிகளுக்குப் பதிலாக இதை எழுதுகிறேன். நீங்கள் படிக்க மாட்டீர்கள். அதில் எனக்குச் சந்தேகம் ஒன்றும் இல்லை. ஆனாலும் இதை வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

அம்மாவின் வயிற்றுக்குள் ஒரு ரத்தக்குழாய் வீங்கிக்கொண்டே போகிறது. இதயத்திலிருந்து கீழே இறங்கும் பெரிய குழாய். அதன் சுவர் மெலிந்து ஓரிடத்தில் பலூன் போல உப்பியிருக்கிறது. அம்மாவின் வயதுக்கும் இதயத்துக்கும் அறுவைச் சிகிச்சை தாங்காது. என்றைக்காவது அது வெடிக்கும். முதுகிலோ வயிற்றிலோ திடீரென்று வலி வந்தால் அதுதான் அடையாளம் என்று டாக்டர் சொன்னார். இளம் சீனப் பையன். சொல்லும்போது என்னையே பார்த்தார்.

"நோயாளி நான். என்னைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று அம்மா ஆங்கிலத்தில் அதட்டினார். வலி தொடங்கினால் எவ்வளவு நேரம் இருக்கும் என்றும் கேட்டார். சிலருக்கு மணிக்கணக்கில் கிடைக்கும், சிலருக்கு நிமிடங்கள், சிலருக்கு அதுவும் இல்லை என்றார் டாக்டர். அம்மா அவருக்கு நன்றி சொல்லிவிட்டு எழுந்தார். கீழே காப்பிக் கடையில் நுரை பொங்கும் தே தாரே டீ வாங்கிக் கொடுத்தேன். முழுக் கோப்பையையும் குடித்தபின், "நல்லது. படுக்கையில கிடந்து அழுந்தத் தேவையில்லை" என்றார். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து நான் காதால்தான் வாழ்கிறேன், அப்பா. சமையலறையில் கரண்டி விழுந்தால் ஓடுகிறேன். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றால் கதவருகே போய் நிற்கிறேன். புக்கிட் பாஞ்சாங்கில் நம் வீட்டுச் சன்னலுக்கு வெளியே எல்ஆர்டி ரயில் போகுமே, நினைவிருக்கிறதா? நம் அடுக்குமாடி புளோக்கை நெருங்கியதும் அதன் கண்ணாடிகள் தாமாகவே மங்கிவிடும், பயணிகள் நம் வீட்டுக்குள் பார்க்காமல் இருக்க. முன்பெல்லாம் அது எனக்கு வேடிக்கையாக இருந்தது. இப்போது அந்த ரயில் கண்ணை மூடிக்கொண்டு நம்மைக் கடந்து போவது போலத் தோன்றுகிறது, உள்ளே இருப்பதைப் பார்க்க விரும்பாதது போல.

அம்மா ஆயத்தமாகிறார். அந்தச் சொல்லை அவர் இப்போது அடிக்கடி சொல்கிறார்.

நம் வீட்டில் அது புதிய சொல் அல்ல. மாதத்தின் முதல் ஞாயிறு சபையில் அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் திருவிருந்து. சனிக்கிழமை மாலையே அம்மா தொலைபேசியோடு உட்கார்ந்துவிடுவார். அந்த மாதத்தில் யாரோடெல்லாம் முகம் கோணியதோ, அவர்களை எல்லாம் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்பார். கோபத்தை வைத்துக்கொண்டு அப்பத்துக்குக் கை நீட்டக்கூடாது. அவருடைய யாழ்ப்பாணப் பேச்சு உங்களோடு அத்தனை வருடம் வாழ்ந்தும் மாறவில்லை. உங்கள் பேச்சின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் 'லா'வும் போகவில்லை.

"உங்கம்மா ஸ்பிரிங் கிளீனிங் ஆரம்பிச்சிட்டா. யாரும் குறுக்க போகாதீங்க லா" என்பீர்கள் என்னிடம்.

"நீங்களும் ஆரையும் கூப்பிட வேணுமெண்டால் கூப்பிடுங்கோ."

"எனக்குச் சண்டை போட நேரம் எங்க இருக்கு? அந்த டிபார்ட்மெண்ட்டத்தான் நீ பார்த்துக்கறியே!"

அம்மா சிரிக்காமல் இருக்கப் பாடுபடுவார். மறுநாள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவீர்கள். விருந்துக்கு முன் போதகர் அந்த எச்சரிக்கையை வாசிப்பார். தகுதியில்லாமல் இதைப் புசிக்கிறவன் தன் மேல் தானே தண்டனையை வருவித்துக்கொள்கிறான், அதனால்தான் சிலர் நோயுற்றார்கள், சிலர் இறந்தும் போனார்கள் என்று வரும் பகுதி. சின்ன வயதில் அது வரும்போது எனக்கு உள்ளங்கை வேர்க்கும். பல்கலைக்கழகத்துக்குப் போனபின் நான் அந்தத் தட்டைத் தொடுவதை நிறுத்தினேன். நம்பாத ஒன்றை வாயில் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அம்மா அழுதார். நீங்கள் என்னைக் கண்டிக்கவும் இல்லை, எனக்காகப் பரிந்து பேசவும் இல்லை. நீங்கள் எல்லா மாதமும் வாங்கினீர்கள்.

சிராங்கூன் சாலைப் பக்கத்தில், நெற்றி நிறையத் திருநீறு பூசும் வீட்டில் பிறந்தவர் நீங்கள். அம்மாவைக் கட்டிக்கொள்ள ஞானஸ்நானம் எடுத்தீர்கள். அதைப் பற்றி நான் எப்போது கேட்டாலும், "உங்கம்மா சமையலுக்காக எதுலயும் முங்கியிருப்பேன்" என்று சொல்லித் தப்பித்துவிடுவீர்கள். உண்மையில் என்ன நம்பினீர்கள், அப்பா?

அம்மாவால் இப்போது சபைக்குப் போக முடியவில்லை. படியும் பயணமும் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் போதகர் வீட்டுக்கே வருகிறார், ஒரு சின்னப் பெட்டியில் அப்பத்தையும் கட்டைவிரல் அளவுக் கண்ணாடிக் கிண்ணங்களையும் எடுத்துக்கொண்டு. முதல் முறை வந்தபோது அம்மா குளித்து, வெள்ளைச் சேலை கட்டி, நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தார். ஜெபத்துக்கெல்லாம் ஆமென் சொன்னார். தட்டு எதிரே வந்ததும் கையை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்கு இண்டைக்கு வேண்டாம், பாஸ்டர்."

வயிறு சரியில்லை என்று போதகர் நினைத்துக்கொண்டார். அடுத்த மாதமும் வந்தார். அம்மா அதே போல உட்கார்ந்தார், அதே போலக் கையை மூடினார். இம்முறை போதகர் என்னைப் பார்த்தார். எனக்குமே ஒன்றும் புரியவில்லை. மழைக்குக்கூட முடங்காமல் ஆராதனைக்குப் போன மனுஷி. சாவு தன் வயிற்றிலேயே இருக்கிறது என்று தெரிந்தபின், தன் தேவனைச் சந்திக்க ஒரே வழி என்று தான் நம்புவதை ஏன் தள்ளிவிட வேண்டும்?

அன்று மாலை துணி மடித்துக்கொண்டிருந்தோம். அம்மா என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "நான் போனாப் பிறகு என்ரை சாம்பலை உன்ரை அப்பாவுக்குப் பக்கத்திலை வைக்காதை."

இருவருக்குமாகச் சேர்த்துத்தானே அந்த அஸ்தி மாடத்தை எடுத்தோம், அப்பா? உங்கள் பெயருக்குப் பக்கத்தில் பளிங்கில் அவருக்காக வெற்றிடம் விட்டிருக்கிறதே.

"என்னம்மா பேசறீங்க?"

"வேற இடம் பார். தூரமாப் பார்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மருத்துவமனையில் நடந்ததை அவர் மறக்கவில்லை.

உங்கள் பக்கவாதத்துக்குப் பின் அந்த வாரம். அம்மா கீழே மைலோ வாங்கப் போயிருந்தார். உங்களுக்குப் பேச்சு குழறிக்கொண்டிருந்தது. என் கையைப் பிடித்து, திருநீறு வேண்டும் என்றீர்கள். முதலில் நான் சரியாகத்தான் கேட்டேனா என்றுகூடத் தெரியவில்லை. மறுநாள் ஃபேரர் பார்க்கில் இறங்கி, பூமாலைக் கடையில் ஒரு திருநீற்றுப் பொட்டலம் வாங்கி வந்தேன். அம்மா இல்லாத நேரம் பார்த்து உங்களுக்குப் பூசினேன். நீங்கள் கண்ணை மூடி மூச்சை இழுத்தீர்கள். நான் அதுவரை யாருக்கும் பூசிவிட்டதில்லை.

அம்மா சீக்கிரம் திரும்பிவிட்டார். வாசலில் நின்று பார்த்தார். பிறகு நேராக வந்து, ஈரக் காகிதத் துண்டை எடுத்து உங்கள் நெற்றியைத் துடைத்தார். வேர்வை துடைப்பது போலத்தான் துடைத்தார், மெதுவாக. தாதிக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். நீங்கள் கண்ணைத் திறக்கவில்லை. அதன் பிறகு உங்களுக்குப் பேச்சு வரவே இல்லை. சிலுவை வைத்து, பாட்டுப் பாடி, சபை முறைப்படி உங்களை அனுப்பினோம்.

எனக்கு அம்மா மேல் உள்ளுக்குள் கோபம் இருந்தது. அம்மாவுக்கு உங்கள் மேல் கோபம் என்று நினைத்தேன். ஏமாற்றப்பட்ட மனைவியின் கோபம். அன்று துணி மடிக்கும்போது அதைத்தான் கேட்டேன்.

"செத்துப் போனவர் மேல இன்னும் என்னம்மா கோபம்?"

அம்மா என்னை ஏதோ புரியாத மொழி பேசுகிறவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"கோபமோ? பயம், பிள்ளை."

கையிலிருந்த துண்டை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"விசுவாசம் இல்லாமல் வாங்கினவரெண்டால், அவ்வளவு காலமும் அவர் என்னத்தைச் சாப்பிட்டவர்? பாஸ்டர் ஒவ்வொரு மாசமும் வாசிக்கிறவர்தானே. பிறகு பாரிசவாதம் வந்தது, வாய் போச்சுது, உயிர் போச்சுது. அவராப் போகேல்லை. நான்தானே கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போனனான். அவர் வேண்டாமெண்டு இருந்திருப்பார். நான்தான் தட்டை அவரிட்டை நீட்டினனான்."

மேசை விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பக்கவாதம் ஏன் வருகிறது என்று என்னால் விளக்க முடியும். ரத்த அழுத்தம், உப்பு, நீங்கள் விழுங்காமல் மேசை இழுப்பறைக்குள் போட்ட மாத்திரைகள். அம்மா அதையெல்லாம் கேட்டுக்கொள்வார், தலையாட்டுவார். ஆனால் அவர் நிற்கும் இடத்துக்கு என் விளக்கத்தால் போக முடியாது. அவர் தன் தேவனை நேரில் பார்க்கப் போகிறார். அங்கே போனதும் முதல் கேள்வி உங்களைப் பற்றியதாக இருக்கும் என்று நடுங்குகிறார். அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் அவரால் கையை விரிக்க முடியவில்லை.

"உன்னட்டைத்தானே திருநீறு கேட்டவர். என்ன சொல்லிக் கேட்டவர்?"

அதுவரை அவர் அதைக் கேட்டதே இல்லை, அப்பா. நானும் சொன்னதில்லை.

எத்தனை எளிதாக ஒரு பொய் சொல்லியிருக்கலாம்! நெற்றி அரித்தது, பழைய வாசனை வேண்டும் என்றீர்கள், அதற்கும் சாமிக்கும் சம்பந்தமே இல்லை என்று சொன்னால் போதும். நாக்கு நுனி வரை வந்தது. நான் எதையும் நம்பாதவள்; ஒரு பொய்யால் எனக்கு எந்த நரகமும் இல்லை. அம்மாவின் வயிற்றைப் பார்த்தேன். அது மூச்சுக்கு ஏற்ப ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இந்த அதிர்ச்சியில் அந்தக் குழாயின் சுவர் கிழிந்தால்? ஆனால் பொய்யைக் கையில் கொடுத்து அவரை அங்கே அனுப்பி வைப்பது எப்படி? அந்த இடம் இருக்கிறதோ இல்லையோ, அவர் போகப் போவது அங்கேதான்.

"பொய் சொல்லாதை, பிள்ளை" என்றார், என் முகத்தைப் பார்த்து.

நீங்கள் சொன்னதை அப்படியே சொன்னேன். "ரெண்டு பக்கமும் சொல்லிட்டுப் போறதுதானே மரியாதை லா."

வெளியே ரயில் வந்தது, கண்ணாடிகள் மங்கின, கடந்து போனது. பிறகு அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது. ஐயோ, வந்துவிட்டது என்று தொலைபேசியைப் பாய்ந்து எடுத்தேன்.

அம்மா சிரித்துக்கொண்டிருந்தார்.

"கலியாண வீட்டிலையும் இப்பிடித்தானே! கார் வந்து நிக்கும். இந்த மனுசன் மேசை மேசையாப் போய்ச் சொல்லிக்கொண்டு நிக்கும். சமையல்காரனிட்டையும் சொல்லும். பந்தல் போட்டவனிட்டையும் சொல்லும். நான் காருக்குள்ளை இருந்து வேகுவன்."

"டிரைவர் ஹாரன் அடிச்சா, அவன்கிட்டயும் போய் ஏன்பா கோபம்னு விசாரிப்பார்."

"ஓம், ஓம்!" வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிக்காதீர்கள் அம்மா என்று நான் கெஞ்சினேன், எனக்கும் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. கடைசிவரை பேருந்து முனையத்தில் வேலை முடிந்ததும் ஒவ்வோர் ஓட்டுநரிடமும் சொல்லிவிட்டுத்தானே வீட்டுக்கு வருவீர்கள். உங்கள் இரவுச் சாப்பாடு எத்தனை முறை ஆறிப்போயிருக்கும்?

சிரிப்பு அடங்கியபின் அம்மாவின் முகம் மறுபடி இறுகியது. அவர் ஆறுதல் அடைந்துவிட்டார் என்று எழுத எனக்கு ஆசை. ஆனால் அது உண்மை இல்லை. "ரெண்டு பக்கமும் இல்லை. ஒரு பக்கம்தான் இருக்கு. அது அவருக்கு விளங்கேல்லை" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எண்டாலும் இந்தப் பக்கமும் சொன்னவர்தானே?" என்றார். என்னிடம் கேட்கிறார் என்று நினைத்தேன். என்னிடம் இல்லை. அவர் கண் சுவரைப் பார்த்திருந்தது.

பிறகு, "அந்தப் பொட்டலம் எங்கை?" என்றார்.

நான் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்தில் என் மேசையில், தண்ணீர் மாதிரிகளுக்கு ஒட்டும் சீட்டுகளுக்கு அடியில் இருக்கிறது என்றேன்.

"இஞ்சை கொண்டு வராதை. எறிஞ்சும் போடாதை."

அடுத்த சனிக்கிழமை, டாக்டரின் பேச்சை மீறி டாக்சி பிடித்து அம்மாவை உங்களிடம் அழைத்து வந்தேன். தொலைபேசியில் கூப்பிட முடியாத ஒரே ஆள் நீங்கள்தானே. மாடங்கள் இருக்கும் கூடத்தில் யாரும் இல்லை. பக்கத்து மாடத்தில் யாரோ பிளாஸ்டிக் பூ செருகியிருந்தார்கள். அம்மா உங்கள் படத்தின் முன் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, வீட்டில் கூப்பிடுவது போலவே கூப்பிட்டார்.

"இஞ்சாருங்கோ."

நான் விலகி நின்றேன். ஆனால் அந்தக் கூடத்தில் எல்லாச் சத்தமும் சுவரில் பட்டுத் திரும்புகிறது.

"நீங்கள் செய்தது பிழை. அதை நான் சரியெண்டு சொல்ல மாட்டன். ஆனால் துடைச்சது நான். உங்களிட்டைக் கேக்காமல் துடைச்சுப் போட்டன். அதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ. மற்றதை நான் ஆண்டவரிட்டை நேரிலை கதைக்கிறன்."

அந்தக் கடைசி வரியை, நாளைக்குச் சந்தைக்குப் போகிறேன் என்பது போல அத்தனை சாதாரணமாகச் சொன்னார். டாக்சியில் வரும்போது, "அந்த இடத்திலையே வை என்னை" என்றார்.

போன ஞாயிறு போதகர் வந்தார். அம்மா அதே வெள்ளைச் சேலையில், அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். போதகர் எச்சரிக்கையை வாசித்தபோது அம்மா தலையைக் குனியவில்லை. நீதிமன்றத்தில் நிற்பவர் போல நேராகப் பார்த்தார். தட்டு வந்தது. வலது உள்ளங்கையை இடது உள்ளங்கையின் மேல் வைத்து விரித்தார். இரண்டும் நடுங்கின. அப்பத்தை வாங்கி வாயில் வைத்துக் கண்ணை மூடினார். அந்தத் துளி திராட்சை ரசத்தைக் குடித்தார். எதுவும் நடக்கவில்லை. வெளியே யாரோ வீட்டில் வானொலி பாடிக்கொண்டிருந்தது. ஏதாவது நடக்கும் என்று நான் எதிர்பார்த்தேன் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

போதகர் ஒரு கணம் தயங்கி, தட்டை என் பக்கம் நீட்டினார். என் கை எழுந்தது, அப்பா. எனக்காக அல்ல, அம்மாவுக்காக. எத்தனை வருடமாக இதற்காக ஏங்கியிருப்பார்! இன்னும் எத்தனை ஞாயிறு இருக்கப் போகிறது?

"வேண்டாம்" என்றார் அம்மா. கண் இன்னும் மூடியிருந்தது. "எனக்காக வாங்காதை. ஆயத்தமில்லாமல் வாங்காதை. உன்ரை அப்பாவை அப்பிடிக் கூட்டிக்கொண்டு போனது போதும்."

கையை இறக்கிக்கொண்டேன். என் வாழ்நாளில் அம்மா எனக்குக் கொடுத்த மிகப் பெரிய மரியாதை அதுதான். அதே நேரம், ஒரு கதவு என் முகத்தின் முன் சாத்தப்பட்டது போலவும் இருந்தது. நான் தட்டவே விரும்பாத கதவு. பிறகு ஏன் வலித்தது?

இன்று காலை அம்மாவுக்கு முதுகு வலி. மெத்தை சரியில்லை என்கிறார். ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டுமா என்றால், "மெத்தைக்கு ஆம்புலன்ஸோ?" என்று கேலி செய்கிறார். சுடுதண்ணீர்ப் பை வைத்திருக்கிறேன். குறைந்திருக்கிறது என்கிறார். முகத்தில் வேர்வை இல்லை. நாடி சீராக இருக்கிறது. தொலைபேசி என் முழங்கையை ஒட்டி இருக்கிறது. இந்த வரியை எழுதும்போது அம்மா அடுத்த அறையில் படுத்தபடி வெள்ளைச் சேலைக்கு இஸ்திரி போட்டாயா என்று கேட்கிறார். போட்டுவிட்டேன். கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. காற்று வரும்போது மெல்ல அசைகிறது. நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

அம்மா ஆயத்தமாகிவிட்டார். ஒருவர் ஆயத்தமாவது என்றால் பயம் போய்விடுவது என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பயத்தோடு கையை விரிப்பதுதான் போலிருக்கிறது. இதற்குமேல் எனக்குத் தெரியவில்லை. நீங்கள் இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டு போனீர்கள். அம்மா ஒரே பக்கம் பார்த்து நிற்கிறார். சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு பக்கமும் இல்லை, அப்பா.

ஆனால் ஒரு வாக்கு. அம்மாவை உங்கள் பக்கத்தில்தான் வைப்பேன். அந்த வெற்றிடத்தில் அவர் பெயரைப் பொறிப்பேன், சிலுவையோடு. பொட்டலத்தை வீட்டுக்குக் கொண்டு வர மாட்டேன், எறியவும் மாட்டேன். அம்மா நம்பியதையும் நீங்கள் கேட்டதையும் என் கையால் துடைக்க மாட்டேன். அவர் கிளம்பும் நேரத்தில், யார் கேட்கிறார்கள் என்று தெரியாவிட்டாலும், அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா வருகிறார் என்று சத்தமாகச் சொல்லி அனுப்புவேன்.

அம்மா கூப்பிடுகிறார். போய்ப் பார்க்கிறேன்.

இன்னும் ஆயத்தமாகாத,
உங்கள் மகள்